பன்னிரண்டு சதவீதம் எங்கே போயிற்று?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது பேசுங்க சார், ஆனா பழைய கதையா மட்டும் வேண்டாம். பசங்களுக்கும் பிரயோஜனமா இருக்கணும்" என்றார். "இயற்பியல் பேசட்டுமா?" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேசுங்க, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுங்க" என்றார். சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவேன் என்று உறுதி கூறுகிறேன். ஆனால் நான் பேசப்போகும் விஷயம் 1983-இல் தொடங்கி இன்னும் முடியாமல் கிடக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் துகள் இயற்பியல் ஆராய்ச்சியாளன் அல்லன். மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். இந்தத் துறையை ஒரு வாசகனாக, விடாமல் பின்தொடர்ந்து வந்திருக்கிறேன். அப்படிப் பின்தொடர வைத்தது இந்தக் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு சின்ன சம்பவம். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. ஸ்பெக்ட்ரோமீட்டர், கிரேட்டிங், சோடியம் விளக்கு. மஞ்சள் ஒளியின் அலைநீளம் காண வேண்டும். புத்தகத்தில் 5893 ஆங்ஸ்ட்ராம். எனக்கு வந்தது 5980. மணி நாலாகிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். என்ன செய்தேன் என்று உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லாமலே தெரியும்! கடைசியிலிருந்து முன்னால் கணக்குப் போட்டு, கோணங்களைத் திருத்தி எழுதி, 5893 என்று முடித்துக் கொடுத்தேன். சார் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. "ஏம்ப்பா, நீ விளக்கை அளந்தியா, புத்தகத்தை அளந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கருவியைப் பார்த்தார். கிரேட்டிங்கை ஒளிக்கு நேர்செங்குத்தாக வைக்க ஒரு முறை உண்டு. நான் அதை விட்டுவிட்டுக் கண்மதிப்பாக வைத்திருந்தேன். பத்து டிகிரி சாய்ந்திருந்தது. சாய்ந்தால் விடை அவ்வளவு கூடத்தான் செய்யும். ஆக, 5980 என்ற எண் பொய் சொல்லவில்லை. 'மேடை சாய்ந்திருக்கிறது' என்ற உண்மையைத்தான் சொல்லிற்று. நான்தான் அதன் வாயைப் பொத்திவிட்டேன்.

இப்போது கதை அமெரிக்கா போகிறது. 1974 நவம்பர். இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே துகளைக் கண்டுபிடித்தன. நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் சாமுவேல் டிங் குழுவினர் புரோட்டான்களைப் பெரிலியத்தின் மீது மோதவிட்டு, வெளிவரும் எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகளை எண்ணினார்கள். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தில் பர்ட்டன் ரிக்டர் குழுவினர் எதிர்த்திசையில் செய்தார்கள். எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டு என்ன வருகிறது என்று பார்த்தார்கள். இருவருக்கும் 3,100 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி ஊசிபோல ஒரு சிகரம் கிடைத்தது. நவம்பர் 11 அன்று செய்தி வெளியாயிற்று. டிங் அதற்கு 'ஜே' என்று பெயர் வைத்தார். ரிக்டர் 'சை' என்று வைத்தார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் இன்றுவரை அது 'ஜே/சை'. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் இரண்டு வீட்டுப் பெரியவர் பெயரையும் போடுவதுபோல! இரண்டே ஆண்டில், 1976-இல், இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பத்து நாள் கழித்து, அதே ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு சிகரம் தெரிந்தது. 3,686-இல். அதற்கு 'சை பிரைம்' என்று பெயர். நம் கதைக்கு இந்த இரண்டு பேர்தான் முக்கியம். ஜே/சையைத் தம்பி என்றும், எடை கூடிய சை பிரைமை அண்ணன் என்றும் வைத்துக்கொள்வோம்.

இவர்கள் யார்? 1970-இல் கிளாஷோ, இலியோபோலஸ், மையானி ஆகிய மூவர், நான்காவதாக ஒரு குவார்க் இருந்தே தீரவேண்டும் என்று காரணங்களோடு வாதிட்டிருந்தார்கள். அதுதான் 'சார்ம்' குவார்க். அந்தக் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் ஒன்றையொன்று சுற்றும் ஜோடிதான் ஜே/சையும் சை பிரைமும். சரக்கு ஒன்றேதான். வீணையில் ஒரே தந்தி இரண்டு விதமாக அதிர்வதுபோல, தம்பியில் அடிநிலை அதிர்வு, அண்ணனில் நடுவே ஒரு கணு விழுந்த மேல்நிலை அதிர்வு. இப்படிப்பட்ட குடும்பம் முழுவதற்கும் 'சார்மோனியம்' என்று பெயர். ஹார்மோனியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இவை சிதையும் விதத்தில்தான் சுவாரசியம். இந்த எடையுள்ள துகள் சாதாரணமாக நொடியின் கோடி கோடி கோடி பாகத்துக்கும் குறைந்த நேரத்தில் உடைந்துவிட வேண்டும். ஜே/சையோ அதைப்போல ஆயிரம் மடங்கு நேரம் தாக்குப்பிடிக்கிறது. காரணம் எளிது. சார்ம் குவார்க் பிரிந்து ஆளுக்கொரு துணை தேடிக்கொண்டு போகவேண்டுமானால், இரண்டு 'டி' மெசான்களை உண்டாக்கும் அளவு நிறை வேண்டும். அதற்கு 3,730 தேவை. தம்பியிடம் 3,097, அண்ணனிடம் 3,686. இரண்டு பேரிடமும் போதாது. ஆகவே குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டுதான் தீரவேண்டும். ஒரு குளுவானாக அழிய முடியாது, 'நிற'க் கணக்கு ஒத்துவராது. இரண்டாகவும் முடியாது, சமச்சீர் விதி தடுக்கிறது. குறைந்தது மூன்று குளுவான் வேண்டும். மூன்று வாசலும் ஒரே நேரத்தில் திறக்கவேண்டும் என்பதால்தான் இவ்வளவு தாமதம். இந்த மாதிரிச் சிதைவுகள் தயங்கித் தயங்கி நடப்பதை ஓகுபோ, ஸ்வைக், இஸுகா ஆகியோர் ஏற்கெனவே விதியாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று குளுவான் கணக்கை 1975-இல் ஆப்பல்குவிஸ்டும் பொலிட்ஸரும் போட்டுக் காட்டினார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. குவார்க் ஜோடி ஒரு ஃபோட்டானாக அழிந்து, அது எலக்ட்ரான்-பாசிட்ரானாக வெளிவரலாம். இப்போது கவனியுங்கள். மூன்று குளுவான் வழியானாலும் சரி, ஒரு ஃபோட்டான் வழியானாலும் சரி, முதலில் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பின் வாய்ப்புத்தான் இரண்டு கணக்கிலும் பொதுவாக நிற்கிறது. அண்ணனையும் தம்பியையும் ஒப்பிட்டால், எலக்ட்ரான் வழியில் எந்த விகிதம் வருகிறதோ, அதே விகிதம்தான் மற்ற வழிகளிலும் வரவேண்டும்.

இதைக் குடும்பச் செலவாகப் பார்த்தால் புரியும். அண்ணன் நூறு ரூபாய் வருமானத்தில் அறுபது ரூபாயை நேரே தம்பிக்கு அனுப்பிவிடுகிறார். சை பிரைம் சிதைவுகளில் சுமார் 60 சதவீதம் ஜே/சையாக இறங்குவதுதான். (கருவியில் இந்தத் தடங்களே 'சை' எழுத்துப்போல விழுந்து, தன் பெயரைத் தானே எழுதிக் காட்டியது ஒரு வேடிக்கை.) இன்னும் சுமார் 29 ரூபாய் 'கை' என்ற பங்காளிகளுக்குப் போய்விடுகிறது. மிஞ்சியதைத்தான் வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்கிறார். இரண்டு வீட்டிலும் ஒரே பழக்கம் என்றால், தம்பி அரிசிக்கு நூறு செலவழித்தால் அண்ணன் பன்னிரண்டோ பதிமூன்றோ செலவழிக்க வேண்டும். பருப்புக்கும் அப்படித்தான், எண்ணெய்க்கும் அப்படித்தான். எலக்ட்ரான் வழியில் அளந்தால், தம்பிக்கு 5.97 சதவீதம், அண்ணனுக்கு 0.79. வகுத்துப் பாருங்கள், 13 சதவீதம் வருகிறது. பழைய அளவீடுகளில் 12 என்று வந்ததால், 'பன்னிரண்டு சதவீத விதி' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

விதி பல இடங்களில் அழகாக வேலை செய்கிறது. புரோட்டான்-எதிர்ப்புரோட்டான் ஜோடியாகச் சிதைவதைப் பார்த்தால் ஏறத்தாழ 14 சதவீதம். 'பி-ஒன்' மெசானும் பையானுமாகச் சிதைவதைப் பார்த்தால் 13. சபாஷ் என்று சொல்லத் தோன்றும்.

1983-இல் ஸ்டான்ஃபோர்டின் மார்க்-2 குழு ஒரு சாதாரணச் சிதைவைத் தேடிற்று. ஒரு ரோ மெசானும் ஒரு பையானும். தம்பி வீட்டில் இது பெரிய செலவு. பத்தாயிரம் ஜே/சையில் 170-லிருந்து 190 வரை இப்படிச் சிதைகின்றன. அப்படியானால் பத்தாயிரம் சை பிரைமில் இருபதுக்கு மேல் வரவேண்டும். தேடினார்கள். வரவில்லை! கே-ஸ்டாரும் கேயானுமாகச் சிதைவதிலும் அதே கதை. 'இதற்கு மேல் இருக்க முடியாது' என்று ஓர் உச்சவரம்பு மட்டுமே போட முடிந்தது. பிற்பாடு, 2005-ஐ ஒட்டி, பெய்ஜிங் குழுவும் அமெரிக்காவின் கிளியோ குழுவும் ஒருவழியாக அதைப் பிடித்தன. லட்சத்துக்கு மூன்று என்ற கணக்கில்! 12 சதவீதம் இருக்கவேண்டிய விகிதம் 0.2 சதவீதத்தில் நிற்கிறது. அறுபது மடங்குக்கு மேல் குறைவு. இதுதான் 'ரோ-பை புதிர்'.

அறுபது மடங்கு என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனில் கொள்கையும் சோதனையும் பத்து இலக்கத்துக்கு மேல் ஒத்துப்போகின்றன. அதே நூற்றாண்டின் இயற்பியல்தான் இங்கே அறுபது மடங்கு இடிக்கிறது.

முதல் சந்தேகம், அளவீடு தவறோ என்பது. நம்முடைய கிரேட்டிங் சாய்ந்ததுபோல! அதைச் சரிபார்க்கும் பொறுப்பை அதிகம் சுமந்தது பெய்ஜிங். 1988-இல் அங்கே எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதுவான் ஓடத் தொடங்கிற்று. 1990-களில் சில பத்து லட்சம் சை பிரைம்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். புதிர் கரையவில்லை, வளர்ந்தது. வெக்டர்-டென்சர் என்ற வேறு வகை ஜோடிகளும் குறைவாகவே வந்தன. ஆனால் அறுபது மடங்கு குறையவில்லை, சில மடங்குதான். 2004-இல் இன்னொரு திருப்பம். குறுகிய ஆயுள் கேயானும் நீண்ட ஆயுள் கேயானுமாகச் சிதையும் வழியில் 12-க்குப் பதில் 27 சதவீதத்தை ஒட்டி வந்தது. இங்கே குறையவில்லை, இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது! ஒரு வீட்டில் அரிசிச் செலவு சரி, பருப்பு அறவே இல்லை, எண்ணெய் இரட்டிப்பு என்றால் என்ன கணக்கு இது?

விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றையும் சொன்னால் செயலாளர் மணியடிப்பார். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, குளூபால். குளுவான்கள் மட்டுமே சேர்ந்த ஓர் உருண்டை ஜே/சையின் நிறைக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்து, தம்பியோடு கலந்து, ரோ-பை சிதைவைப் பெருக்குகிறது என்று 1983-இல் ஹூவும் சோனியும் சொன்னார்கள். 1987-இல் பிராட்ஸ்கி, லெப்பாஜ், டுவான் மூவரும் அதை வலுப்படுத்தினார்கள். நல்ல யோசனை, சோதித்துப் பார்க்கக் கூடியதும்கூட. பெய்ஜிங் குழு ஜே/சையைச் சுற்றி ஆற்றலைச் சிறுகச் சிறுக மாற்றித் தேடிற்று. குளூபால் தட்டுப்படவில்லை.

இரண்டு, சை பிரைம் சுத்தமான ஆள் அல்ல, 3,770-இல் இருக்கும் பக்கத்து வீட்டுத் துகளோடு கொஞ்சம் கலந்திருக்கிறது, அந்தக் கலப்பு ரோ-பை வழியை ரத்துசெய்துவிடுகிறது என்பது. 2001-இல் ரோஸ்னர் இதை முன்வைத்தார். ரத்தானது எங்கோ வெளிவர வேண்டுமே! அது 3,770 துகளின் சிதைவுகளில் தெரிய வேண்டும் என்றார்கள். தேடிய இடத்தில் கணக்கைத் தீர்க்கும் அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மூன்று, ரோ மெசானுக்குள்ளேயே கொஞ்சம் சார்ம் குவார்க் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது. 1997-இல் பிராட்ஸ்கியும் கார்லினரும் சொன்னது. தம்பிக்கு அது ஒத்துப்போகிறது, கணு விழுந்த அண்ணனுக்கு ஒத்துப்போகவில்லை என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா வழிகளையும் சேர்த்து எண்களைச் சொல்லச் சொன்னால், இதுவும் சரி, மற்ற விளக்கங்களும் சரி, எங்காவது ஒரு மூலையில் தடுக்கி விழுகின்றன.

என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. நாம் எல்லோரும் அண்ணனைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம், 'ஏன் உன்னிடம் ரோ-பை இல்லை?' என்று. ஆனால் குவார்க்குகளின் தற்சுழற்சிக் கணக்கைப் பார்த்தால், ரோவும் பையும் சேர்ந்த ஜோடி முதல்நிலைக் கணக்கில் அதிகம் வரவே கூடாத ஜோடி. 1980-களின் தொடக்கத்தில் பிராட்ஸ்கியும் லெப்பாஜும் வகுத்த விதி அது. அதன்படி பார்த்தால், ரோ-பையை அபூர்வமாகத் தரும் அண்ணன்தான் ஒழுங்கானவர். அள்ளி அள்ளித் தரும் தம்பிதான் விளக்கம் சொல்லவேண்டியவர்! முதலில் பார்த்ததையும் அதிகமாகப் பார்த்ததையும் நாம் 'இயல்பு' என்று எடுத்துக்கொள்கிறோம். பிறகு வந்ததை 'முரண்' என்கிறோம். யார் இயல்பு, யார் முரண் என்பதே இங்கே இன்னும் தீராத வழக்கு.

இன்றைய நிலைமை என்ன? 2008-இல் பெய்ஜிங் கருவி முழுக்கப் புதுப்பிக்கப்பட்டது. 2019-க்குள் ஆயிரம் கோடி ஜே/சைகளைச் சேர்த்துவிட்டார்கள். சை பிரைம் 2021-க்குள் 270 கோடியை எட்டிற்று. ஜே/சை மூன்று பையானாகச் சிதைவதைப் படமாகப் போட்டால், ரோ மெசானின் மூன்று பட்டைகள் பளிச்சென்று தெரியும், நடுவில் வெறுமை. சை பிரைமுக்கு அதே படத்தைப் போட்டால் ரோவின் பட்டைகள் மங்கிப்போய், 2,150-ஐ ஒட்டிய கனமான நிலை ஒன்றின் கூட்டம் நடுவில் நிற்கிறது. எண்ணிக்கையில் மட்டுமல்ல, குணத்திலேயே இருவரும் வேறு. இவ்வளவு துல்லியமாகப் பார்த்தாயிற்று. ஆனாலும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் ஒன்று வரவில்லை. மூன்று குளுவானிலிருந்து மெசான்கள் எப்படி உருவாகின்றன என்பதை முழுதாகக் கணக்கிட நமக்குத் தெரியவில்லை என்பதுதான் அடிப்படைக் காரணம். இந்த ஆற்றலில் குளுவான் விசை சின்னதும் அல்ல, பெரியதும் அல்ல. சின்னதாக இருந்தால் ஒரு வழியில் கணக்குப் போடலாம், பெரியதாக இருந்தால் வேறு வழி. இது இரண்டுங்கெட்டான்.

நண்பர்களே, இதில் நான் மதிப்பது ஒன்று உண்டு. மார்க்-2 குழுவில் யாரும் 5980-ஐ 5893 ஆக்கவில்லை. 'வரவேண்டியது வரவில்லை' என்று எழுதி, அச்சில் போட்டார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் ஒரு தலைமுறை கருவி கட்டிற்று, இன்னொரு தலைமுறை கணக்குப் போட்டது.

இப்போது என் கடன் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியராகி ஏழெட்டு வருஷம் இருக்கும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. அதே ஸ்பெக்ட்ரோமீட்டர், அதே கிரேட்டிங். ஒரு பெண் தன் விடையை எழுதி, கீழே, "மதிப்பு அதிகமாக வருகிறது, மூன்று முறை பார்த்தேன், காரணம் தெரியவில்லை" என்று பென்சிலால் குறித்திருந்தாள். கும்பலும் அவசரமும். நான் மூன்று மதிப்பெண் குறைத்தேன். புத்தகத்து எண்ணை எழுதியிருந்தவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் கொடுத்தேன். அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், "விளக்கை அளந்தியா, புத்தகத்தை அளந்தியா?" என்று சாரின் குரல் கேட்டது. மதிப்பெண் பட்டியல் அனுப்பியாகிவிட்டது. அந்தப் பெண்ணை அதன்பின் நான் பார்க்கவில்லை. அந்தத் தேர்வு அறையில் விளக்கை அளந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். மாணவச் செல்வங்களே, ரீடிங் இடித்தால் அழிக்காதீர்கள். அப்படியே எழுதி, பக்கத்தில் ஏன் இருக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். ஆய்வுக்கூடம் பார்த்துக்கொள்ளும் ஆசிரிய நண்பர்களே, அந்த ஒரு வரிக்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்குங்கள். பாடத்திட்டத்தில் இடமில்லை என்பீர்கள். உங்கள் மனத்தில் இடம் இருந்தால் போதும்.

சாப்பாட்டு மணி நெருங்கிவிட்டது.